இடுப்பில் ஒரு கத்தி!

தலைப்பைப் பார்த்துவிட்டு போலீசுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். நான் பி.காம். படித்தவன். இதுவரை நான் கத்தியால் வெட்டிய மிகப் பெரிய வஸ்து ஒரு தர்பூசணி. அதையும் பாதியில் மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

விவகாரம் ஆரம்பித்தது மணப்பாறை மாட்டுச் சந்தையில்.

மணப்பாறை என்றால் உங்களுக்கு முறுக்கு ஞாபகம் வரும். அதற்கு 2023-ல் புவிசார் குறியீடெல்லாம் கொடுத்துக் கௌரவித்துவிட்டார்கள். எங்கள் மாமனாருக்கு மணப்பாறை என்றால் மாடு. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே லாரிகள் வர ஆரம்பித்து, புதன்கிழமை காலையில் கொம்பும் வாலுமாக ஒரே ஜே ஜே! துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அதற்குள் விரலைத் தொட்டுத் தொட்டு விலை பேசுவார்கள். வாய் திறக்காமல் பல்லாயிரம் ரூபாய் கைமாறும். மூன்று வருஷம் காமர்ஸ் படித்த எனக்கு இந்த விரல் கணக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை.

மாமா ஒரு பசுவும் கன்றும் வாங்கினார். இரண்டையும் ‘குட்டி யானை’ வண்டியில் ஏற்றினோம். பசு ஏறிவிட்டது. கன்று ஏறியது, மிரண்டது, பலகையிலிருந்து சறுக்கி வெளியே விழுந்தது. கழுத்துக் கயிறு மேலே கம்பியில் கட்டியிருக்கிறது. முன்னங்கால் தரையில் எட்டவில்லை. நைலான் கயிறு. சுருக்கு இறுகுகிறது. நாக்கு வெளியே வந்துவிட்டது.

“மாப்ளே, கத்தி!” என்று கத்தினார் மாமா.

என்னிடம் இருந்தது! துபாயிலிருந்து என் மச்சான் வாங்கி வந்த மடக்குக் கத்தி. சாவிக்கொத்தில் ஒன்றரை வருஷமாகத் தொங்குகிறது. அதை எடுத்து, நகத்தை விட்டு இழுத்தேன். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். நகம்தான் வந்தது! கீல் முழுக்கத் துரு. சர்வாங்கமும் வேர்த்து, மானம் போய், கன்றின் உயிரும் போகிற நேரத்தில், பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த தரகர் ஒருவர் எழுந்தார். இடுப்பிலிருந்து எதையோ உருவினார். ஒரே இழுப்பு. கன்று தொப்பென்று விழுந்தது. கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் ஒரு தும்மல் போட்டது பாருங்கள், அந்தத் தும்மலைப் போல ஒரு இனிய சங்கீதத்தை நான் கேட்டதில்லை!

மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் சாவிக்கொத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

தரகரின் கத்தியை வாங்கிப் பார்த்தேன். ‘வாங்கி’ என்பது தப்பு. கையில் தர மாட்டேன் என்றுவிட்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வருமாம். வண்டிப் பலகைமேல் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். அலகு நாலு விரற்கடைகூட இல்லை. மடங்காது, திருகாது, ஸ்பிரிங் கிடையாது. லாரி வில்பட்டையில் பட்டறைக்காரர் அடித்துக் கொடுத்தது. கன்னங்கரேலென்று இருந்தது.

“துருப்பிடிக்காதாண்ணே?”

“புடிக்காம? தெனம் ராத்திரி தேங்காண்ணெய் தடவி வப்பேன். பொண்டாட்டி தலைக்குத் தடவுறாளோ இல்லியோ, இதுக்கு உண்டு!”

அங்கேதான் எனக்கு ஞானோதயம். மடக்குக் கத்தியின் உயிர் அதன் கீலில் இருக்கிறது. வியர்வை, தூசி, பான்பராக் தூள், பஸ் டிக்கெட் துணுக்கு எல்லாம் போய் அடைகிற இடமும் அதுதான். நேர்க்கத்திக்குக் கீலே இல்லை, ஆகவே கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. ஆனால் தினமும் எண்ணெய் தடவுகிற சமாசாரம் எனக்குச் சரிப்படாது. என் தலைக்கே நான் தடவுவதில்லை. எனவே நேர்க்கத்தி வேண்டும், சின்னதாக வேண்டும், துருப்பிடிக்கவும் கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் என்ன ஆகும் என்று அப்போது தெரியாது.

திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். “எவர்சில்வர் கத்தி ஸார், ஆயுசுக்கும் துருப்பிடிக்காது” என்று பளபளவென்று ஒன்றைக் கொடுத்தார் கடைக்காரர். கூடவே காந்தம் ஒன்றை எடுத்து வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. “பாருங்க, அசல் எவர்சில்வர்!”

வாங்கி வந்தேன். துருப்பிடிக்கவில்லை, வாஸ்தவம். வெட்டவும் இல்லை! கயிற்றின்மேல் வைத்து இழுத்தால் கயிற்றைத் தடவிக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

உறவுக்காரப் பையன் ஒருவன் திருச்சி என்.ஐ.டி.யில் மெட்டலர்ஜி படிக்கிறான். அவனிடம் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தான். “சித்தப்பா, காந்தம் ஒட்டலைன்னா அது பாத்திர ஸ்டீல். டம்ளர் பண்றது. கத்தின்னா காந்தம் ஒட்டணும்!”

விளக்கினான். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இரும்போடு குறைந்தபட்சம் பத்தரை சதவிகிதம் குரோமியம் சேர்ந்தால், மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோமியம் ஆக்ஸைடு தோல் உண்டாகிறது. அந்தத் தோல் கீறினாலும் காற்றுப் பட்டால் தானாகவே மறுபடி வளர்ந்துவிடும். அதனால்தான் துரு அண்டுவதில்லை. நம் வீட்டு டம்ளரில் சுமார் 18 சதவிகிதம் குரோமியம், 8 சதவிகிதம் நிக்கல். நிக்கல் வந்தால் காந்தம் ஒட்டாது, பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டாலும் இறுகாது. இறுகாத ஸ்டீலில் கூர் நிற்காது. கத்திக்கான ஸ்டெயின்லெஸ் வேறு ஜாதி. நிக்கல் கிடையாது அல்லது வெகு சொற்பம். குரோமியம் 13-லிருந்து 18 வரை, கூடவே போதிய கார்பன். அதைத்தான் காய்ச்சி இறுக்க முடியும். அதில் காந்தம் ‘டக்’கென்று ஒட்டும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பையிலிருக்கும் ஒரு ரூபாய் காசில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். அதுவும் ஸ்டெயின்லெஸ்தான், ஒட்டும். நாற்பது ரூபாய் கொடுத்துக் காந்தம் வாங்கி, வீட்டுச் சமையலறை பூராவும் நான் ஒட்டிப் பார்த்ததில் மனைவிக்குக் கோபம். கல்யாணத்தில் அவள் பிறந்த வீட்டில் கொடுத்த குடத்தில் அது ஒட்டிக்கொண்டது. மேற்கொண்டு விவரம் கேட்காதீர்கள்.

இந்தத் துருப்பிடிக்காத சமாசாரம் 1913-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்கிற ஊரில் ஆரம்பித்தது. ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் அரித்துப் போகாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். குரோமியம் கலந்த ஒரு ஸ்டீல் வினிகர், எலுமிச்சைச் சாறு எதற்கும் அசையவில்லை என்று கண்டு, துப்பாக்கியை விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேஜைக் கத்திக்குப் போனார். அந்த ஊர்க் கத்திக்காரர்கள் ஆரம்பத்தில் அவரை ‘வெட்டாத கத்தி கண்டுபிடித்தவர்’ என்று கேலி செய்தார்களாம். நம் பெரிய கடைவீதிக் கத்தியை அப்போதே யாரோ பார்த்திருக்கிறார்கள்!

அதற்கும் நூறு வருஷம் முன்னால் நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் என்று ஒரு கிராமம். அங்கே தோண்டியபோது இரும்பும் உருக்கும் செய்த பழங்கால உலைகள் கிடைத்தன. அந்த மாதிரி இந்திய உருக்கு ஐரோப்பாவுக்குப் போய், அதன் ரகசியம் என்ன என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் மைக்கேல் ஃபாரடே ஒருவர். ஆமாம், மின்சார ஃபாரடேதான். ஸ்டோடார்ட் என்கிற லண்டன் கத்திக்காரரோடு சேர்ந்து, 1820-ஐ ஒட்டிய வருஷங்களில் இரும்போடு வெள்ளி, பிளாட்டினம் என்று எதையெதையோ உருக்கிப் பார்த்தார். குரோமியத்தையும் விடவில்லை. ஆனால் நம் உருக்கில் கார்பன் அதிகம், குரோமியம் கணக்கில் இல்லை. கூர் பிரமாதம், துருவும் பிரமாதம். தேங்காய் எண்ணெய் அப்போதும் தேவைப்பட்டிருக்கும்.

பையன் பட்டியல் ஒன்று எழுதிக் கொடுத்தான். 440சி என்றால் நன்றாகக் கூர் நிற்கும், சாணை பிடிக்கச் சிரமம். 420 வகை என்றால் சீக்கிரம் மழுங்கும், ஆனால் துருவுக்கு அசையாது, அம்மிக்கல்லில் தேய்த்தாலே கூர் வந்துவிடும். ஜப்பானில் ஹெச்1 என்று ஒன்று, கார்பனைக் குறைத்து நைட்ரஜனைச் சேர்த்தது, கடலில் முங்குகிறவர்கள் வைத்துக்கொள்வது. விலையைக் கேட்டேன். அந்தக் கன்றையே இன்னொன்று வாங்கிவிடலாம் போலிருந்தது. சந்தைக்குப் போகிறவனுக்குக் கடல் கத்தி எதற்கு?

இடையில் பயம் வந்துவிட்டது. கத்தியும் கையுமாக பஸ் ஸ்டாண்டில் நின்றால் என்ன ஆகும்? சட்டத்தைப் புரட்டினேன். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம், அதன் கீழே வந்த விதிகள். அலகு 9 இஞ்சுக்கு மேல் நீளமோ, 2 இஞ்சுக்கு மேல் அகலமோ இருந்தால் அது ஆயுதப் பட்டியல். வீட்டு உபயோகம், விவசாயம், தொழிலுக்கென்று செய்தவை அதில் சேராது. மூன்று இஞ்ச் கத்தி பட்டியல் பக்கமே வராது. அதற்காக எங்கேயும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. விமானத்தில் கைப்பையில் வைத்தால் திருச்சி ஏர்போர்ட்டிலேயே அதற்கு விடைகொடுக்க வேண்டியதுதான். கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், அரசியல் கூட்டம், கோயில் திருவிழா என்றால் நான் வீட்டில் வைத்துவிடுகிறேன். சட்டையை உயர்த்தி யாருக்கும் காட்டுவதும் இல்லை. கன்றுக்காக வாங்கியது என்று விளக்கம் சொல்ல எல்லா இடத்திலும் கன்று இருக்காது.

கடைசியில் என்ன வாங்கினேன் என்கிறீர்களா? பெயர் பெற்ற கம்பெனியின் சின்னக் காய்கறிக் கத்தி. நூற்றி எழுபது ரூபாய். அலகு மூன்றே கால் இஞ்ச், பிளாஸ்டிக் பிடி, காந்தம் ‘டக்’!

வாங்குவதற்கு முன்னால் இன்னொரு சோதனையும் கண்டுபிடித்திருந்தேன். என்னிடம் அப்போது மூன்று கத்திகள் சேர்ந்திருந்தன. பட்டறையில் சொல்லி அடித்தது ஒன்று. பவர் ஹாக்ஸா பிளேடில் செய்து தள்ளுவண்டியில் விற்றது ஒன்று. இந்தக் காய்கறிக் கத்தி ஒன்று, இது கடைக்காரர் தெரிந்தவர் என்பதால் ஒரு ராத்திரிக் கடன். மூன்றின்மேலும் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து, ஒரு சிட்டிகை உப்பும் தூவி, ராத்திரி ஜன்னலோரம் வைத்தேன். விடிந்து பார்த்த மாமியார் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சாமி அறைக்கு ஓடிவிட்டார்! பட்டறைக் கத்தியில் எலுமிச்சை வட்டத்துக்குக் கறுப்பும் காவியுமாக அரிப்பு. ஹாக்ஸாவில் லேசான கறை. அதில் குரோமியம் சுமார் நாலு சதவிகிதம் என்பதால் மானம் பாதி பிழைத்தது. காய்கறிக் கத்தி அலம்பினதும் புதுசு.

மாமியாருக்கு வேறொரு சந்தேகம். “ராத்திரி வெளியே போறப்ப இடுப்புல இரும்பு இருந்தா காத்துக் கருப்பு அண்டாது. இது எவர்சில்வராச்சே மாப்ளே, பேய்க்குத் தெரியுமா?” எனக்குத் தெரிந்த மெட்டலர்ஜியை வைத்து, இதிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இரும்புதான் என்று தைரியம் சொன்னேன்.

வாங்கினதை அப்படியே இடுப்பில் சொருகவில்லை. நுனி ஊசியாக இருந்தது. துள்ளுகிற மாட்டின் கழுத்தில் கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே ஊசி நுனியை விட்டால் கயிறு அறும் முன் மாடு அறும். கப்பல்காரர்கள் கயிறு அறுக்க வைத்திருக்கும் கத்திக்கு நுனி மொட்டையாக இருப்பது இதற்காகத்தான். துவாக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்து நுனியை உருட்டச் சொன்னேன். கிரைண்டரில் வைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். சூடேறி அலகு நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று, பிறகு எத்தனை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. நான் அருகிலேயே ஒரு வாளியோடு நின்றேன். பட்டறைப் பையன் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான்.

அடுத்து உறை. தோல் உறை அழகுதான். ஆனால் வியர்வையை உறிஞ்சிக் கத்தியோடு சேர்த்தே வைத்துக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ்ஸையும் அது உள்ளுக்குள் புள்ளி புள்ளியாக அரிக்கும், உப்புக்கு அந்தச் சக்தி உண்டு. அதனால் நான் போனது பிளம்பரிடம். பி.வி.சி. பைப் துண்டு ஒன்றை வாட்டி, இளகினதும் தட்டையாக அமுக்கி, கத்தியை வைத்து அச்சு எடுத்துக் கொடுத்தார். கீழே தண்ணீர் வடிய ஒரு ஓட்டை. செலவு இருபது ரூபாயும் ஒரு டீயும்.

ஆக மொத்தம் கத்தி, கிரைண்டர், உறை எல்லாம் இருநூற்று நாற்பது. பத்து வருஷம் உழைத்தால் வருஷத் தேய்மானம் இருபத்து நாலு ரூபாய். எதற்கும் உதவாத அந்தத் துபாய்க் கத்தியின் விலையை மச்சான் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் சிரிக்கிறான்.

எட்டு மாசம் ஆகிறது. பார்சல் சணல், இளநீர் வழுக்கை, உரமூட்டைத் தையல், மாங்காய், ஒரு தடவை என் வேட்டி கரையில் சிக்கிய சைக்கிள் செயின் (வேட்டியைத்தான் அறுத்தேன்) எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்திருக்கிறது. மாங்காய்ப் பால் பட்டால் மட்டும் உடனே அலம்பித் துடைத்துவிடுவேன். வாரம் ஒருமுறை அம்மிக்கல்.

போன புதன்கிழமை மாமா மறுபடி சந்தைக்குக் கூப்பிட்டார். அந்தக் கன்று இப்போது நெஞ்சளவு வளர்ந்திருக்கிறது, கழுத்தில் ஒரு கோடு மட்டும் மயிர் முளைக்காமல் நிற்கிறது. கிளம்பும்போது, “அந்தக் கத்தி எங்க மாப்ளே, காட்டுங்க” என்றார். பெருமையாக உருவித் திண்ணையில் வைத்தேன். எடுத்தார். கட்டை விரலில் கூர் பார்த்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி, தன் பச்சை பெல்ட்டில் சொருகிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

பெரிய கடைவீதிக்கு மறுபடி போக வேண்டும். காந்தம் என் பையிலேயே இருக்கிறது.