ஊசி மருந்து ஏன் பழுப்பாகிறது?

செவிலியர் சிறிய கண்ணாடிக் குப்பி ஒன்றின் கழுத்தை ஒடித்து, உள்ளே இருக்கும் மருந்தை ஊசிக்குழலில் உறிஞ்சுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் குப்பிக்கு ஆம்ப்யூல் என்று பெயர். ஒடிப்பதற்கு முன் அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு முறை பார்ப்பார். எதற்காக? மருந்து தெளிவாக இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று அறிவதற்காகத்தான்.

மார்ஃபின் என்ற வலிநீக்கி மருந்தை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த செர்ட்டூர்னர் இதை அபினிலிருந்து பிரித்தெடுத்தார். பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும், புற்றுநோயின் கடும் வலியிலும் மருத்துவர்கள் இன்றும் இதைக் கொடுக்கிறார்கள். வலியில் துடிப்பவருக்குப் போடும் ஊசியில் குறித்த அளவு மருந்து இல்லையென்றால் வலி அடங்காது. ஆகவே குப்பிக்குள் மருந்து கெடாமல் இருக்க வேண்டும்.

ஊசி மருந்து நேராகத் தசைக்கோ இரத்தத்திற்கோ செல்கிறது. அதில் ஒரு கிருமியும் இருக்கக் கூடாது. சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதிநீரில்கூடச் சாவதில்லை. எனவே குப்பிகளை 'ஆட்டோகிளேவ்' என்னும் கலத்தில் வைத்து, அழுத்தமுள்ள நீராவியில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 நிமிடம் வேகவைக்கிறார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவம்தான் இது.

கிருமி சாகிறது, சரி. மருந்து என்ன ஆகிறது? வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் இரண்டு அல்லது மூன்று மடங்காகிறது. 31 டிகிரியிலிருந்து 121 டிகிரிக்கு ஒன்பது படிகள். படிக்கு இரண்டு மடங்கு என்றால் மொத்தம் 512 மடங்கு. ஆட்டோகிளேவில் 15 நிமிடம் என்பது அலமாரியில் ஐந்து நாளுக்குச் சமம். படிக்கு மூன்று மடங்கு என்றால்? கணக்குப் போட்டுப் பாருங்கள்; சுமார் 205 நாள் வரும்!

இனி, மார்ஃபின் எப்படிக் கெடுகிறது என்று பார்ப்போம். நறுக்கிய வாழைப்பூ கறுத்துவிடாமல் இருக்க அம்மா அதை மோரில் போடுவார், அல்லவா? வாழைப்பூவில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிவதால்தான் அது கறுக்கிறது. மார்ஃபின் மூலக்கூறிலும் ஒரு ஃபீனால் தொகுதி உண்டு. வாழைப்பூவில் இந்த வினையை ஒரு நொதி விரைவாக நடத்துகிறது. குப்பியில் நொதி இல்லை; ஆனால் கரைந்திருக்கும் ஆக்சிஜனே மெல்ல மெல்ல வேலை செய்கிறது. இரண்டு மார்ஃபின் மூலக்கூறுகள் இணைந்து சூடோமார்ஃபின் என்ற பொருளாகின்றன. கரைசல் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது.

இந்த வினை காரக் கரைசலில் வேகமாக நடக்கும். அமிலக் கரைசலில் மிக மெதுவாகவே நடக்கும். ஆகவே கரைசலைச் சற்று அமிலத்தன்மையுடன் வைக்கிறார்கள். அப்படியானால் அமிலத்தை நிறையச் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். அமிலம் மிகுந்தால் ஊசி போட்ட இடம் எரியும். மேலும், 1869இல் மத்தியசன், ரைட் என்ற இருவர் மார்ஃபினை வலுவான ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் சூடாக்கியபோது அபோமார்ஃபின் என்ற வேறொரு பொருள் கிடைத்தது. அது வலியை நீக்கும் மருந்தன்று. வாந்தியை உண்டாக்கும் மருந்து!

கண்ணாடியும் முக்கியம். சாதாரணச் சோடாக் கண்ணாடியை ஆட்டோகிளேவில் வைத்தால், அதிலிருந்து காரம் சிறிது சிறிதாகக் கரைசலில் இறங்கி அமிலத்தன்மையைக் குறைத்துவிடும். எனவே போரோசிலிக்கேட் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். மூடுவதற்கு முன் நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியேற்றலாம். இரும்பு, செம்பு ஆகியவை மிகச் சிறிதளவு இருந்தாலும் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். அவற்றைப் பிடித்துவைக்கும் பொருளையும் சேர்ப்பதுண்டு. ஒளியும் மருந்தைக் கெடுக்கும். ஆகவே பழுப்புக் கண்ணாடியோ அட்டைப்பெட்டியோ தேவை.

ஆஸ்பிரினின் கதை வேறு. அதற்குத் தண்ணீரே பகை. தண்ணீர் அதைச் சாலிசிலிக் அமிலமாகவும் அசெட்டிக் அமிலமாகவும் பிரித்துவிடும். பழைய ஆஸ்பிரின் மாத்திரையில் வினிகர் வாடை வீசுவது இதனால்தான். ஆகவே ஊசிக்குரிய ஆஸ்பிரின் உலர்ந்த தூளாக வருகிறது. போடுவதற்குச் சற்று முன்புதான் நீரில் கரைக்கிறார்கள்.

நிறம் மாறாத மருந்து நல்ல மருந்து என்று நம்பிவிடலாமா? கூடாது. சிதைவினால் வரும் பொருள்கள் எல்லாவற்றிற்கும் நிறம் இருப்பதில்லை. அதனால்தான் மருந்தை 40 டிகிரியில் ஆறு மாதமும், வழக்கமான வெப்பநிலையில் ஆண்டுக்கணக்கிலும் வைத்து, அவ்வப்போது எடுத்து அளந்து பார்க்கிறார்கள். குப்பியின்மேல் நீங்கள் காணும் காலாவதித் தேதி இந்த அளவீடுகளிலிருந்து வந்தது. அதில் குறித்தபடி வெப்பமும் ஒளியும் படாமல் வைத்திருந்தால்தான் அந்தத் தேதிக்குப் பொருள் உண்டு.