பத்து சிப்பம் நெல்லும் ஒரு கிண்டிலும்... இ-புக் ரீடர் வாங்கலாமா, வேண்டாமா?

"பத்தாயிரமா? பத்து சிப்பம் நெல்லுடா அது!"

அப்பா சொன்ன கணக்கில் தப்பே இல்லை. 2025-26 பருவத்துக்கு சன்ன ரக நெல்லுக்குத் தமிழ்நாட்டில் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாகத்தான் பிடிப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு சிப்பம் 1,018 ரூபாய். பத்து சிப்பம் என்றால் பத்தாயிரத்துச் சொச்சம். ஒரத்தநாடு பக்கம் புதாற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு, உழவு, நடவு, உரம், அறுப்பு மெஷின் வாடகை என்று ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கிற மனிதருக்கு, எந்தப் பொருளின் விலையும் முதலில் நெல்லாகத்தான் தெரியும்.

நான் அந்தப் பேச்சை எடுத்ததற்குக் காரணம் அவருடைய கண். இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை முடிந்தாயிற்று. பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கும் பழைய மலிவுப் பதிப்புகளின் பொடி எழுத்து மட்டும் பிடிபடவில்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வரி வரியாக நகர்த்திப் படிப்பார். பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைத்துவிடுவார். படிப்பதை விட்டுவிட்டால் அந்த மனிதருக்குப் பொழுது எப்படிப் போகும் என்பதுதான் என் கவலை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். இல்லை, போனைக் கையில் எடுத்தால் நாலு பக்கம்கூடத் தொடர்ந்து படிக்க முடியாத நீங்களாகவே இருக்கலாம். இ-புக் ரீடர் வாங்குவதற்கு முன்னால் நாங்கள் போட்ட கணக்கு உங்களுக்கும் உதவும்.

போன் இருக்கும்போது இது எதுக்கு?

முதலில் வருகிற கேள்வி இதுதான். கிண்டில் ஆப்பை போனிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிறகு தனியாக ஒரு கருவி எதற்கு?

வித்தியாசம் திரையில் இருக்கிறது. போன் திரை உள்ளிருந்து வெளிச்சத்தை நம் கண்ணை நோக்கி அனுப்புகிறது. இ-புக் ரீடரில் இருப்பது 'இ-இங்க்' எனப்படும் மின் மை. திரை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்கள். ஒவ்வொரு குமிழிலும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்சாரம் கொடுத்ததும், முறத்தில் புடைக்கும்போது அரிசியும் உமியும் பிரிகிற மாதிரி ஒரு நிறம் மேலே வரும், இன்னொன்று கீழே போகும். மேலே வந்த கறுப்புப் புள்ளிகள்தான் எழுத்து. ஒருமுறை எழுத்து அமைந்துவிட்டால் அது அப்படியே நிற்கும். பக்கம் திருப்பும்போதுதான் மறுபடி மின்சாரம் தேவை.

இதனால் மூன்று லாபம். காகிதம் மாதிரியே வெளி வெளிச்சத்தில் படிக்கலாம். வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் பளிச்சென்று தெரியும். பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும். மூன்றாவது, என் அனுபவத்தில் முக்கியமானது: இதில் வாட்ஸ்அப் கிடையாது, ரீல்ஸ் கிடையாது, கடன் வேண்டுமா என்று கேட்கும் போன்கால் கிடையாது.

சங்கடமும் உண்டு. பக்கம் மாறும்போது திரை ஒரு நொடி மின்னி மறையும். போன் வேகத்துக்குப் பழகிய விரலுக்கு இது மந்தமாகத் தெரியும். பெரும்பாலான மாடல்கள் கறுப்பு வெள்ளைதான். படம் நிறைந்த சமையல் புத்தகம், குழந்தைகள் புத்தகம், பாடப்புத்தகம் எல்லாம் இதில் சோபிக்காது.

டெல்டாவுக்கு இது ஒத்து வருமா?

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் காய வைக்கச் சொல்வார்கள். முறை வரும்வரை களத்திலேயே காவல் இருக்க வேண்டும். அந்த வெயிலில் போன் திரையில் நம் முகம்தான் தெரியும். மின் மைத் திரையில் புத்தகம் தெரியும்.

அடுத்து மழைக்காலம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்து கிராமங்கள் பலவற்றில் கரன்ட் திரும்ப வர வாரக்கணக்கில் ஆனது. போன் சார்ஜுக்கு ஜெனரேட்டர் இருக்கும் இடம் தேடி அலைந்த நாட்கள் அவை. 2022-ல் வந்த அடிப்படை கிண்டில், தினம் அரை மணி நேரம் படித்தால் ஒரு சார்ஜில் ஆறு வாரம் வரை தாங்கும் என்கிறது நிறுவனம். நம் ஆட்கள் அரை மணியோடு நிறுத்த மாட்டார்கள் என்று வைத்துப் பாதியாகக் குறைத்தாலும் போதுமான காலம்தான்.

அந்தப் புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்து, அலமாரிப் புத்தகங்களில் பாதி நனைந்து ஒட்டிக்கொண்டன. மீதியைக் கரையான் பார்த்துக்கொண்டது. கருவி கெட்டாலும், கடையில் வாங்கிய இ-புத்தகம் உங்கள் கணக்கில் இருக்கும். வேறு கருவியில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆனால், அடிப்படை மாடல்கள் தண்ணீர் தாங்காது. 2018-க்குப் பிந்தைய பேப்பர்வொயிட் மாடல்கள் தாங்கும்.

முதலில் பத்துப் புத்தகச் சோதனை

விலை பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். படிக்கப் போகிறவர் அடுத்து படிக்க ஆசைப்படும் பத்துப் புத்தகங்களின் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் இ-புத்தகமாகக் கிடைக்கிறதா என்று போனிலேயே தேடிப் பாருங்கள்.

அமேசான் 2016 டிசம்பரில்தான் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளுக்குக் கிண்டில் கடையைத் திறந்தது. அதன் பிறகு தமிழில் நிறைய வந்திருக்கிறது. ஆனால், ஒரே எழுத்தாளரின் ஒரு நாவல் இருக்கும், இன்னொன்று இருக்காது. பழைய பதிப்புகள் பல இன்னும் காகிதத்தில் மட்டும்தான்.

காசு கொடுக்காமல், சட்டப்படி படிக்கவும் வழி உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பில் சங்க இலக்கியம் முதல் கல்கி வரை வலையேற்றியிருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் இலவசம். கணியம் அறக்கட்டளையின் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில், எழுத்தாளர்களே அனுமதி கொடுத்த புத்தகங்களை 'இ-பப்' கோப்பாகவும், ஆறு அங்குலத் திரைக்கு ஏற்ற பி.டி.எஃப்-ஆகவும் எடுத்துக்கொள்ளலாம். இ-பப் கோப்பை 'சென்ட் டு கிண்டில்' மூலம் கருவிக்கு அனுப்பும் வசதி 2022 முதல் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால், அவை பெரும்பாலும் பக்கத்தைப் படமாக ஸ்கேன் செய்த பி.டி.எஃப். அதில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. படத்தை இழுத்து இழுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆறு அங்குலத் திரையில் அது பூதக்கண்ணாடி வேலையேதான். அதற்கு டேப்லெட்தான் சரி.

அப்பாவின் பட்டியலில் பத்துக்கு ஆறு கிடைத்தது. ஐந்துக்குக் கீழே இருந்தால் வாங்குவதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம்.

வாங்கினால் சொந்தமா?

"படிச்சு முடிச்சா எதுத்த வீட்டு மாமாவுக்குக் குடுக்கலாம்ல?" என்று அப்பா கேட்டார். அங்கேதான் இடிக்கிறது.

கடையில் வாங்கும் காகிதப் புத்தகம் உங்கள் சொத்து. இரவல் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம். இ-புத்தகத்தில் நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமம் மட்டும். 2009-ல் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, உரிமைச் சிக்கல் காரணமாக, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பெரிய சர்ச்சையாகி, பிறகு மன்னிப்பும் கேட்டது. வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி வழியாக ஏற்றிக்கொள்ளும் வசதியும் 2025 பிப்ரவரியோடு நிறுத்தப்பட்டது.

இந்த விஷயம் நம் மண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்தும். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். 1931-ல் அவருடைய புகழ்பெற்ற ஐந்து விதிகள் புத்தகமாக வந்தன. அதே வருஷம் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபை என்பவர், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். ஒரு புத்தகம் ஒரு வீட்டோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் அந்த வண்டியின் அர்த்தம். இ-புத்தகம் வீடு மாறாது. இரவல் வாங்கியும் கொடுத்தும் படிக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்த இழப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் அட்டையையும் விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு ஆகும்?

அடிப்படை கிண்டில் 2019-ல் 7,999 ரூபாய். 2022-ல் அடுத்த மாடல் 9,999-க்கு வந்தது. 2025 ஏப்ரலில் இங்கே அறிமுகமான புதிய பேப்பர்வொயிட் 16,999. அப்பா கணக்கில் பதினேழு சிப்பம்! விலையும் கையிருப்பும் அடிக்கடி மாறும் என்பதால், வாங்கும் நாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

'புத்தகச் செலவு மிச்சமாகும்' என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாவல் காகிதத்தில் 300 ரூபாய், இ-புத்தகமாக 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 150 மிச்சம். பத்தாயிரத்தை எடுக்க 67 புத்தகம் வாங்க வேண்டும். மாதம் ஒன்று என்றால் ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஆகும். ஆக, காசு மிச்சம் என்பதற்காக வாங்க வேண்டிய பொருள் இல்லை இது. கண்ணுக்காக வாங்கலாம், கவனம் சிதறாமல் படிப்பதற்காக வாங்கலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் பாதிச் செலவில் முடியலாம். ஆனால் இதையெல்லாம் பாருங்கள்:

* விளக்கு: 2019-க்கு முந்தைய அடிப்படை கிண்டில்களில் திரை விளக்கு இல்லை. ராத்திரி படிக்கிறவர்களுக்கு ஆகாது.

* எழுத்தின் தெளிவு: 2019 அடிப்படை மாடலில் ஓர் அங்குலத்துக்கு 167 புள்ளிகள், 2022 மாடலில் 300. நம் எழுத்தில் புள்ளியும் சுழியும் அதிகம். 'ண'வுக்கும் 'ன'வுக்கும் கண் தடுமாறாமல் இருக்க 300 நல்லது.

* தமிழ்: ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

* கணக்கு: பழைய உரிமையாளரின் கணக்கிலிருந்து கருவியை நீக்கி, உங்கள் கணக்கில் பதிய முடிகிறதா என்று அங்கேயே சோதியுங்கள்.

யார் வாங்கலாம்... யார் வேண்டாம்?

பெரிய எழுத்து தேவைப்படுகிறவர்கள், தினமும் அரை மணி நேரமாவது படிக்கிறவர்கள், ஆங்கிலப் புத்தகம் அதிகம் படிக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆங்கில வார்த்தையின் மேல் விரல் வைத்தால் அகராதி அங்கேயே பொருள் சொல்லும்.

'வாங்கினால் படிக்கும் பழக்கம் வந்துவிடும்' என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முதலில் போனில் கிண்டில் ஆப்பை இறக்கி, முப்பது நாளில் ஒரே ஒரு இலவசப் புத்தகத்தை முடியுங்கள். முடித்தால் வாங்குங்கள். முடிக்கவில்லை என்றால் பத்து சிப்பம் மிச்சம்.

எங்கள் வீட்டில் என்ன ஆச்சு? நண்பரிடம் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி அப்பா கையில் கொடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்கும் இடத்தை மட்டும் காட்டினேன். வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் பூதக்கண்ணாடி மேஜை டிராயருக்குள் போய்விட்டது. அடுத்த மாதம் 2022 மாடல் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். அஞ்சரை சிப்பம். பட்டியலில் கிடைக்காத நாலு புத்தகங்களில் இரண்டைக் கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, அவர் கேட்கக் கேட்க நான் வாசிக்கிறேன்.

போன வாரம் எதிர் வீட்டு மாமா வந்து, "அதை ரெண்டு நாள் குடேன், பாத்துட்டுத் தர்றேன்" என்று கேட்டிருக்கிறார். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: "புத்தகம்னா ஒண்ணு போகும், குடுத்துருவேன். இதைக் குடுத்தா அலமாரியே போயிடுதே! நீ சாயங்காலமா இங்க வா, சேர்ந்து படிப்போம்."

இப்போது தினம் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுத்து நல்ல பெரிதாக இருப்பதால் இரண்டு பேருக்கும் தெரிகிறது. யார் பக்கம் திருப்புவது என்பதில் மட்டும்தான் தகராறு.