மணக்கடவு தாண்டி வரும் தண்ணீர்

பெருமாட்டி டீக்கடைகளில் எந்தப் பேச்சும் கடைசியில் ஆற்றில் வந்துதான் நிற்கும். ஆனைமலையில் பிறந்த ஆழியாறு, எல்லை கடந்ததும் சித்தூர்ப்புழையாகிறது. பறளியில் கல்பாத்திப்புழையோடு கலந்து, பாரதப்புழையாகப் பொன்னானியில் கடலை அடைகிறது.

1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு வழியே கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும். ஒப்பந்தம் பேசுவது வருஷக் கணக்கு. நாற்றங்கால் கேட்பதோ நாள் கணக்கு! பொள்ளாச்சியில் அண்ணன் தென்னைக்குத் தண்ணீர் கேட்கிறார். இங்கே தம்பி நெல்லுக்குக் கேட்கிறார். இருவர் வீட்டிலும் தமிழ்தான்.

கிணற்றை நம்பலாமா? இதே பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000-ல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமல் போயிற்றென்று, 2002 ஏப்ரல் 22-ல் ஆதிவாசிகள் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கினர். முன்னின்றவர் மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை ஓய்ந்தது. 2007-ல் மயிலம்மா காலமானார்.

மூலத்தறையில் ஷட்டர் திறக்கிறார்களா என்று ஊர் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறது.