எழுத்தும் உருவும் – 9: தடித்த தம்பி

சென்ற வாரம் மெல்லிய கோட்டு எழுத்துருக்களைப் பார்த்தோம். இந்த வாரம் அவற்றுக்கு நேர் எதிரான ஒன்று: கனத்த கோடும் உருண்ட முனையும் கொண்ட 'பாலூ தம்பி'.

மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழு உருவாக்கிய பாலூ குடும்பத்தின் தமிழ் எழுத்துரு இது. 'ஜங்கிள் புக்' கதையில் வரும் கரடியின் பெயர்தான் பாலூ. பெரும்பாலான மொழிகளுக்கு ஓர் உறவுமுறையைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். மலையாளத்துக்கு 'சேட்டன்', குஜராத்திக்கு 'பாய்', வங்காளத்துக்கு 'தா', நமக்குத் 'தம்பி'.

கோட்டின் முனையை உருட்டுவது பழைய உத்திதான். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக 1979இல் உருவான 'விஏஜி ரவுண்டட்' இந்த வகையில் புகழ்பெற்றது. பின்னாளில் ஆப்பிள் மடிக்கணினிகளின் விசைகளில் பல ஆண்டுகள் அதுவே இருந்தது. ஆனால் ரோமன் எழுத்தைத் தடிப்பாக்குவதைவிடத் தமிழ் எழுத்தைத் தடிப்பாக்குவது கடினம்.

ரோமன் 'எல்' இரண்டே கோடு. எவ்வளவு தடித்தாலும் படித்துவிடலாம். நம் மூன்று சுழி 'ண'வை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் சுருங்குகிறது. அது அடைபட்டுப் போனால் இரண்டு சுழியா மூன்று சுழியா என்று தெரியாது; 'மணம்' 'மனம்' ஆகிவிடும். அதனால் வரைபவர் கோடுகள் கூடும் இடத்திலும் உள்ளே வளையும் இடத்திலும் பருமனைச் சற்றுக் குறைக்கிறார், எழுத்தை அகலமாக்குகிறார். பார்வைக்கு எல்லாக் கோடும் ஒரே பருமன், அளந்தால் வேறுபடும். 'கு', 'டு', 'ழூ' என உகர, ஊகார உயிர்மெய்கள் 36 இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனி உருவம் வேண்டும். அத்தனையிலும் அந்த வெள்ளையைக் காப்பாற்றியாக வேண்டும். இந்த உழைப்புக்காகவே தடித்த தமிழ் எழுத்துருக்களை நான் மதிக்கிறேன்.

பாலூ தம்பியை எங்கே பயன்படுத்தலாம்? சிறுவர் நூலின் அட்டை, தின்பண்ட உறை, கடைப் பலகை, விழாச் சுவரொட்டி, செயலியின் பொத்தான் ஆகியவற்றுக்கு இது மிகப் பொருத்தம். உருண்ட முனை பார்ப்பவரிடம் இணக்கமாகப் பேசுகிறது. நீண்ட பத்திகளுக்கும் இரங்கல் அறிவிப்புக்கும் இது ஆகாது. தலைப்பு இரண்டு வரியானால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மேல் வரியில் கீழே நீளும் கீழ்விலங்கும் கீழ் வரியில் மேலே எழும் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளக் கூடாது.

முதலில் ஒரே பருமனில் வந்த இந்த எழுத்துரு, 'பாலூ தம்பி 2' ஆனபோது ஐந்து பருமன்களைப் பெற்றது. கூகுள் ஃபாண்ட்ஸில் கட்டற்ற உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விற்பனைக்கான நூலிலும் பயன்படுத்தலாம்.

பள்ளி விழாவுக்கோ ஊர் நூலகத்துக்கோ பலகை செய்பவர்கள் இதை ஒருமுறை முயன்று பாருங்கள். எந்தத் தடித்த எழுத்துருவானாலும், மாதிரி ஒன்றை எடுத்துச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நில்லுங்கள். 'ண'வின் சுழிகளை எண்ண முடிந்தால் மட்டும் அச்சுக்குக் கொடுங்கள்.