அகத்தோலைத் தாண்டிய மருந்து

மாட்டுக்கும் பன்றிக்கும் கொடுக்கும் மருந்து முட்டைக்கோசுக்குள் புகுமா என்று கேட்டால் சிரிக்கத் தோன்றும். ஆயினும் 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், கால்நடை எருவிட்ட மண்ணில் வளர்த்த மக்காச்சோளம், முட்டைக்கோசு, வெங்காயத்தாள் ஆகிய மூன்றிலும் குளோர்டெட்ராசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்து ஏறியிருந்ததைக் கண்டார்கள். கிராமுக்கு 2 முதல் 17 நானோகிராம்தான், அற்ப அளவு. ஆனால் டைலோசின் என்ற மற்றொரு மருந்து ஏறவே இல்லை. அதன் மூலக்கூறு முன்னதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கனம். அந்தப் பருத்த சரீரமே தடையாயிற்று என்று கருதுகிறார்கள்.

மருந்தைக் கரைத்துக்கொண்டு வேர்த்தூவியில் நுழையும் நீர், செல்சுவர்களின் இடுக்குகள் வழியே, வேரின் உள்ளடுக்கான அகத்தோல் வரையில் தாராளமாகப் பிரயாணம் செய்துவிடும். அங்கேயோ, செங்கற்களுக்கிடையே சாந்துபோல், செல்களின் இடைவெளிகளில் அப்பிய, நீர் புகாத காஸ்பாரியன் பட்டை குறுக்கே நிற்பதால், அதற்கு மேல் செல்ல விரும்பும் பொருள் எதுவும் உயிருள்ள செல்லின் சவ்வைக் கடந்தே தீரவேண்டும். சிறியதும் மின்னேற்றமற்றதும் எளிதில் கடக்கும். நேர்மின்னேற்றம் மிகுந்த ஸ்ட்ரெப்டோமைசின் திணறும். கடந்துவிட்டால் பிறகு சிரமமில்லை. பள்ளிக்கூடத்தில் காசித்தும்பையைச் சிவப்பு மைத் தண்ணீரில் நிறுத்தி, கண்ணாடி போன்ற தண்டில் செங்கோடுகள் ஏறுவதைப் பார்த்திருக்கிறோமே, அந்தச் சைலக் குழாய்கள்தான் வழி. இலை நீரை ஆவியாக்கும். ஆவியாகாத மருந்து இலையிலேயே தங்கும். கனியைவிட இலையில் அது மிகுந்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே ஹேது.

வேரின் இந்தக் காவலை மனிதன் குறுக்குவழியில் தாண்டியதும் உண்டு. ஃப்ளோரிடாவின் தென்னைகளை மஞ்சளாக்கிக் கொன்ற நோயின் கிருமியான ஃபைட்டோபிளாஸ்மா, உணவுச்சாறு ஓடும் ஃபுளோயக் குழாய்களுக்குள் ஒளிந்திருப்பது. இலைமேல் தெளித்தால் மருந்து மெழுகுத்தோலை ஊடுருவுவதும் அரிது, வெயிலில் கெட்டும் போகும். ஆகையால் அடிமரத்தில் துளையிட்டு ஆக்ஸிடெட்ராசைக்ளினை உள்ளே செலுத்தினார்கள். வேரைப் பார்க்காமலே மருந்து நீரோட்டத்தோடு ஏறி, அங்கிருந்து ஃபுளோயத்திலும் கசிந்து கிருமியை அடக்கிற்று. அடக்கிற்றே தவிர அழிக்கவில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடவேண்டும், நிறுத்தினால் நோய் திரும்பும். மாமரத்தின் காயத்தைப் பட்டை வளர்ந்து மூடிவிடும். தென்னைக்கு அவ்வாறு மூடும் வளர்படை கிடையாது, ஆகவே ஊசிக்காக இட்ட துளை அதன் ஆயுள் உள்ளவரை அப்படியே இருக்கும்.