ஓடும் கணினியில் அடித்தள நூலகத்தை மாற்றுவது எப்படி?

லினக்ஸின் அடித்தள நூலகமான ஜிலிப்சியைக் கையால் புதுப்பிக்கப் போய், பழைய கோப்பை முதலில் நீக்கியவர்களுக்கு அந்த நிமிடம் மறக்காது. அடுத்துத் தட்டும் கட்டளைகள் ஏறக்குறைய எதுவுமே ஓடாது. பட்டியலிடும் எல்எஸ், நகலெடுக்கும் சிபி, இடம் மாற்றும் எம்வி எல்லாமே கிளம்பும்போது தேடுவது அந்த ஒரே நூலகத்தைத்தான். நீக்கியதைத் திரும்ப வைக்கும் கருவிக்கும் அதுவே வேண்டும்!

அப்படியானால் தொகுப்பு மேலாளர் மட்டும் எப்படி மாற்றுகிறது? புதிய கோப்பை வேறு பெயரில் முழுதாக எழுதி முடித்து, கடைசியில் பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறது. பெயர்மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும்; பாதிநிலை கிடையாது. ஏற்கெனவே ஓடும் நிரல்கள் பழைய கோப்பைப் பிடித்திருப்பதால், அவை முடியும்வரை அது வட்டில் உயிரோடிருக்கும். பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பின் சேவைகளை மறுதொடக்கம் செய்யச் சொல்வது இதனால்தான். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை பழைய ஓட்டை அப்படியே இருக்கும்.

பழைய நிரல்கள் புதிய நூலகத்தில் ஓடுவது இன்னும் அழகான ஏற்பாடு. ஒவ்வொரு செயற்கூறின் பெயரோடும் பதிப்பு எண் ஒட்டியிருக்கிறது. 2011இல் வந்த 2.14 பதிப்பு, 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்குப் நினைவகத்தில் தரவை நகலெடுக்கும் மெம்காப்பி செயற்கூறின் புதிய வடிவத்தைத் தந்தது. பழைய எண்ணைக் கேட்கும் நிரல்களுக்குப் பழைய நடத்தையையே கொடுத்தது. எதிர்த்திசையில் இந்த வழி இல்லை. புதிய ஜிலிப்சியில் தொகுத்த நிரல், பழைய கணினியில் இல்லாத எண்ணைக் கேட்டால் கிளம்பாமலே நின்றுவிடும். அப்போது நூலகத்தில் கைவைக்காமல், நிரலைப் பழைய கணினியிலேயே மறுபடி தொகுத்துக்கொள்ளுங்கள்.