புளியிட்டுத் துலக்காதீர்!

செஞ்சியில் என்னிடம் ஓதும் மாணவனொருவன், பாட்டனார் பெட்டியிலிருந்த செப்புக் காசைப் புளியிட்டுத் துலக்கிக் கொணர்ந்தான். காசு பளபளத்தது, எழுத்தைக் காணோம்! எவர் காலத்தது என்று இனி யார் சொல்வது?

1698-இல் முகலாயர் வசமாகி ‘நுஸ்ரத்கட்’ எனப் பெயர் பெற்ற ஊர் இது. முகலாயர் காசுகளில் மன்னர் பெயர், அடித்த ஊர், ஹிஜ்ரி ஆண்டு ஆகியன பாரசீக எழுத்தில் இருக்கும். செம்பின்மேல் இறுகப் படிந்த கரும்பச்சைப் படலமே அவ்வெழுத்துக்குக் கவசம். புளியும் எலுமிச்சையும் அதனைக் கரைத்துவிடும். சாம்பல் எழுத்தையே தேய்க்கும். சேகரிப்போர் பளபளப்பை விரும்புவதில்லை.

மண் ஒட்டியிருப்பின் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மெல்ல நீக்கி, துணியால் ஒற்றி உலர்த்துங்கள். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது அரிப்பு நோய். தனியே உலர்வாக வைத்து அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள்.

மண்ணுக்குள் புதைந்து கிடைத்த காசாயின் கழுவவே வேண்டாம். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.